அறுவடைக்குப் பின் என்றொரு மாதம்: பற்றாக்குறையின் அறிவியலும் பெண்களின் கடன் நோட்டும்

என் அம்மாவின் காதில் தோடு இருந்த மாதங்களைவிட வேப்ப ஈர்க்கு இருந்த மாதங்களே அதிகம். பாலக்கோட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. தோடு அடகுக்குப் போனால் காதுத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்கைச் செருகிக்கொள்வது எங்கள் தெருவில் யாருக்கும் புதிதல்ல. யார் காதில் எப்போது ஈர்க்கு ஏறுகிறது என்பதைப் பார்த்தே அந்த வீட்டின் நிலவரத்தைச் சொல்லிவிடலாம். அம்மா குழுவில் கணக்கு எழுதுபவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் எந்தக் கிழமை எந்தத் தவணை, எந்தச் சீட்டில் எத்தனை மாதம் பாக்கி, எந்த அடகுச் சீட்டு எப்போது மூழ்கும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. நோட்டில் எழுதியது அதில் பாதிகூட இராது.

பொருளாதாரம் படிக்கப் போன பிறகு, என் வகுப்பில் இந்தத் தலைக்கு இடமே இல்லை என்பதைக் கண்டேன். பாடநூல் மனிதர் எல்லா விலைகளும் தெரிந்தவர், எல்லா வாய்ப்புகளையும் ஒப்பிடுபவர், களைப்படையாதவர், யாருக்கும் சோறு போட வேண்டிய அவசியம் இல்லாதவர். அவருக்கு மூளை உண்டு. ஆனால் அந்த மூளைக்கு உடம்பு இல்லை. பெண்ணியப் பொருளாதார அறிஞர்கள் இந்த மனிதரை நெடுங்காலமாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் மூளை அறிவியலும் உளவியலும் வேறு திசையிலிருந்து வந்து அதே மனிதரைச் சாய்த்திருக்கின்றன. இந்தக் கூட்டணி நமக்கு எவ்வளவு பயன்படும், எந்த இடத்தில் நாம் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் நடந்த ஓர் ஆய்வையும், அதைச் சுற்றி எழுந்த ஒரு புத்தகத்தையும்.

உணர்ச்சி இல்லாத மூளை முடிவெடுக்காது

முதலில் நமக்குச் சாதகமான பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். "பெண் உணர்ச்சிவசப்படுபவள், ஆண் அறிவால் முடிவெடுப்பவன்" என்ற பழைய பிரிவினை, நிலப் பட்டா முதல் வங்கிக் கடன்வரை பெண்ணை ஒதுக்கி வைக்க உதவியது. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ, நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் ஒரு பகுதி சேதமடைந்த நோயாளிகளை ஆராய்ந்து 1994இல் ஒரு நூல் எழுதினார். அந்த நோயாளிகளுக்கு அறிவுத்திறன் குறையவில்லை. தர்க்கம் பேசுவார்கள், கணக்குப் போடுவார்கள். ஆனால் உணர்ச்சி மங்கிவிட்டிருந்தது. விளைவு, அன்றாட வாழ்வின் சிறிய முடிவைக்கூட அவர்களால் ஒழுங்காக எடுக்க முடியவில்லை. உணர்ச்சி அறிவுக்குப் பகையல்ல, முடிவெடுப்பதற்கு அது தேவை என்பது அவர் வாதம்.

2003இல் ஆலன் சான்ஃபே குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் பத்து டாலரைப் பங்கு பிரிக்க வேண்டும், மற்றவர் அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பாடநூல்படி ஒரு டாலர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆனால் அநியாயமான பங்கைப் பலர் மறுத்தார்கள். மறுக்கும் நேரத்தில் அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தபோது, வலி, அருவருப்பு போன்றவற்றோடு தொடர்புடைய இன்சுலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. ஒரே வயலில் ஒரே வேலை செய்துவிட்டு ஆணைவிடக் குறைந்த கூலியைக் கையில் வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் இது புதுச் செய்தி அல்ல. அடுத்த நாள் அந்த வயலுக்குப் போகாமல் இருப்பவளை "வர்ற காசையும் வேண்டாங்கிறா பாரு" என்பார்கள். அவள் கணக்குத் தெரியாதவள் அல்ல, கணக்கில் நியாயத்தையும் சேர்த்துக்கொண்டவள்.

இதுவரை சரி. ஆனால் மூளையைக் காட்டிப் பெண்ணை மட்டம் தட்டுவதும் பழைய வழக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் பால் புரோக்கா மூளைகளை நிறுத்து, பெண்ணின் மூளை எடை குறைவு என்பதை அவள் அறிவுக் குறைவோடு முடிச்சுப் போட்டார். இன்று தராசுக்குப் பதில் ஸ்கேன். "பெண் மூளை ரிஸ்க் எடுக்காது, போட்டியை விரும்பாது" என்று வாரப் பத்திரிகைகள் எழுதுகின்றன. கார்டிலியா ஃபைன் 2010இல் எழுதிய நூலில் இவ்வகை ஆய்வுகளின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். 2015இல் டாஃப்னா ஜோயல் குழுவினர் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்துவிட்டு, பெரும்பாலான மூளைகள் ஆண் தன்மை, பெண் தன்மை எனப்படுபவற்றின் கலவையே என்றனர். நம் நாட்டிலிருந்தும் ஓர் ஆய்வு உண்டு. யூரி நீஸி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் ஆகியோர் 2009இல் வெளியிட்டது. தான்சானியாவின் தந்தைவழி மாசாய் சமூகத்திலும் மேகாலயாவின் தாய்வழி காசி சமூகத்திலும் ஒரே விளையாட்டை நடத்தினார்கள். மாசாய் ஆண்கள் அங்குள்ள பெண்களைவிட அதிகமாகப் போட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். காசி சமூகத்தில் அது தலைகீழானது, பெண்களே அதிகம் போட்டியிட்டார்கள். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கேட்காமல் மூளையை மட்டும் கேட்டால் தவறான பதில்தான் கிடைக்கும்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பு வயலுக்கு வருவோம்.

விழுப்புரம், திருவண்ணாமலை: 464 விவசாயிகள்

2013 ஆகஸ்ட் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் எழுதியது. நால்வரில் இருவர் பெண்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 ஊர்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளை அவர்கள் சந்தித்தார்கள். கரும்பு விவசாயியின் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வெட்டு முடிந்த பிறகுதான் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்கள் வறட்சி, பிந்தைய மாதங்கள் கொஞ்சம் செழிப்பு. ஒரே ஆள், ஒரே ஆண்டில் ஒருமுறை ஏழை, ஒருமுறை அத்தனை ஏழை அல்ல. அதோடு, ஆலை எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வெட்டு உத்தரவு கொடுப்பதில்லை. சில மாதங்களில் பரவலாகக் கொடுக்கும். எனவே பக்கத்து வயல்காரர்களில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். பருவநிலையோ பண்டிகையோ காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுக்கு இதைவிட நல்ல களம் அமையாது.

வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 சதவீதம். முன்பு 99 சதவீதம் பேருக்குக் கடன் இருந்தது, பின்பு 13 சதவீதம் பேருக்கு. இரு காலத்திலும் அவர்களுக்கு விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ரேவன் புதிர்களைக் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 புதிர்களுக்குச் சரியான விடை, பின்பு 5.45. கவனத்தைச் சோதிக்கும் இன்னொரு எண் தேர்விலும் வெட்டுக்கு முன் நேரம் கூடுதலாகப் பிடித்தது, பிழையும் கூடியது. சாப்பாட்டுக் குறைவோ உடல் உழைப்போ மட்டும் இதை விளக்கவில்லை என்றும் ஆய்வாளர்கள் காட்ட முயன்றார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு கடைத்தெருவில் செய்த சோதனையையும் இதோடு சேர்த்தார்கள். கார் பழுதுக்கு 1500 டாலர் ஆகும் என்று கற்பனை செய்யச் சொன்னபோது ஏழைகளின் மதிப்பெண் விழுந்தது, 150 டாலர் என்றபோது விழவில்லை. வசதியானவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவர்கள் சொன்ன விளக்கம் இது. மூளையின் கவனத்துக்கு எல்லை உண்டு. அதை அவர்கள் 'பேண்ட்விட்த்' என்றார்கள். பணக்கவலை அதன் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சமிருப்பதில்தான் மற்ற எல்லாவற்றையும் செய்ய வேண்டியிருக்கிறது. ஏழை தவறான முடிவெடுப்பதால் ஏழையாக இருப்பதில்லை, ஏழ்மைதான் முடிவெடுக்கும் திறனைக் குறைக்கிறது. முல்லைநாதனும் ஷாஃபிரும் இதே ஆண்டில் பற்றாக்குறை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்கள். "அவங்களுக்குப் பொறுப்பு இல்ல, அதான் முன்னேறல" என்ற வழக்கமான வசைக்கு அது ஒரு பதில். அதற்காகவே அந்த நூலை நான் என் மாணவிகளுக்குப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் முதல் முறை அந்த 78 சதவீதம் என்ற எண்ணைப் படித்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி அட்டவணையில் இல்லை. அடகு வைத்தது யாருடைய நகையை?

அடகுக்குப் போன தோடு

கரும்புப் பதிவு நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில். நிலம் பெரும்பாலும் ஆண் பெயரில். 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடி செய்யப்படும் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருப்பவை நூற்றுக்குச் சுமார் பதினான்குதான். 'விவசாயி' என்று எழுதியவுடன் ஆண் உருவம் வந்து உட்கார்ந்துகொள்வது அதனால்தான். களை எடுப்பவள், சோகை உரிப்பவள், வெட்டாட்களுக்குச் சோறாக்குபவள் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறாள். பரவலாகப் பேசப்பட்ட இந்த ஆய்வின் முடிவுகளில் ஆண், பெண் என்று பிரித்த கணக்கு இல்லை. குடும்பத்தில் அடகுக்குப் போகும் பொருள் என்னவென்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி, சீராக வந்த பித்தளை அண்டா. அவை பெண்ணின் பொருள்கள். அட்டவணையில் விவசாயியின் நெருக்கடி என்று பதிவாவது, வீட்டுக்குள் ஒருத்தியின் சொத்து கரைந்த கதை.

இதைவிட ஆழமான சிக்கல் ஆய்வின் வடிவத்திலேயே இருக்கிறது. "முன்", "பின்" என்று ஒப்பிட்டதுதான் அதன் பலம். கரும்பு வெட்டி, ஆலைப் பணம் வந்து, கடன் அடைந்து, மூச்சு விடும் ஒரு மாதம் அந்த விவசாயிக்கு உண்டு. ஆலை நிலுவை வைக்காமல் இருந்தால். அவர் மனைவிக்கு அந்த மாதம் உண்டா? அறுவடைப் பணத்தில் ஆலைக்கடனும் உரக்கடையும் அடையும். திங்கள்கிழமை குழுத் தவணை, வியாழக்கிழமை இன்னொரு தவணை, ரேஷன் தேதி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மாத்திரை ஆகியவை அறுவடை பார்த்து வருவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகத் தெரிந்தது. அந்த 299 நிமிடம் கை வேலைக்கான கணக்கு. நாளைக்கு எதை வைத்து எதை அடைப்பது என்று துவைத்துக்கொண்டே யோசிப்பதை எந்தக் கணக்கெடுப்பும் தனியாக எழுதுவதில்லை.

முன்னும் பின்னும் இல்லாத பற்றாக்குறையை முன்-பின் ஒப்பீட்டால் அளக்க முடியாது. விட்டுவிட்டு வரும் வறுமையை அந்த ஆய்வு அழகாகப் பிடித்தது. விடாமல் இருக்கும் வறுமை அதன் கண்ணுக்குத் தப்பியது. அது பெரும்பாலும் பெண்ணின் பங்கில் விழுகிறது.

இதே தென்னாற்காட்டுப் பகுதியில் வேறொரு வகை ஆராய்ச்சியும் நடந்தது. இசபெல் கெரின், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் ஆகியோர் இருபது ஆண்டுக் களப்பணிக்குப் பிறகு 2023இல் கடன்பட்ட பெண்ணைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். தலித் பெண்களின் வாழ்வை மையமாகக் கொண்ட அந்த நூல், கடன் வாங்குவது, அடைப்பது, அதற்காக உறவுகளைப் பேணுவது, மானம் காப்பது எல்லாவற்றையும் ஓர் உழைப்பாகப் பார்க்கிறது. கரும்பு ஆய்வு பற்றாக்குறையை மூளையின் மீதான பாரமாகக் கண்டது. இந்த நூல் அதைப் பெண்ணின் வேலையாகக் காண்கிறது. வேலை என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி எழும்: இந்த வேலையால் ஆதாயம் யாருக்கு? பாரம் என்ற சொல் அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை.

கோயம்பேட்டில் மிச்சம் பிடிக்காத டீ

முல்லைநாதன், ஷாஃபிர் நூலில் சென்னை கோயம்பேடு சந்தை வருகிறது. காலையில் சுமார் ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கெடுத்து மாலைக்குள் ஆயிரத்து நூறுக்கு விற்கும் சிறு வியாபாரிகள். அந்த ஆயிரத்தை நாளுக்கு ஐந்து சதவீத வட்டிக்குக் கடனாக வாங்குகிறார்கள். நூறு ரூபாய் ஆதாயத்தில் ஐம்பது வட்டிக்குப் போய்விடுகிறது. தினம் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்து, அந்த அளவு குறைத்துக் கடன் வாங்கினால், ஐம்பது நாளுக்குள்ளாகவே கடனிலிருந்து மீண்டுவிடலாம் என்று நூல் கணக்குப் போடுகிறது. ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போய் ஒரு பகுதியினரின் கடனை முழுவதுமாக அடைத்தும் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் ஒவ்வொருவராகப் பழைய கடனுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆசிரியர்கள் இதற்காக வியாபாரிகளைக் குறை சொல்லவில்லை. கைமிச்சம் இல்லாத வாழ்க்கையில் ஒரு சிறு அதிர்ச்சி போதும் என்கிறார்கள். அவசரமாக வந்த ஒரு கல்யாண மொய்கூடப் போதும். இது உண்மைதான். ஆனால் மொய்யை 'அதிர்ச்சி' என்ற பெட்டியில் போடும் இடத்தில் நான் அவர்களிடமிருந்து விலகுகிறேன். மொய் திடீர்ச் செலவல்ல, நோட்டில் பெயரோடு எழுதப்படும் கொடுக்கல் வாங்கல். நான் இன்று எழுதும் ஐந்நூறு என் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் திரும்பி வரும். வங்கி கதவைத் திறக்காத ஒருத்திக்கு அந்த நோட்டே சேமிப்பு, காப்பீடு இரண்டும். நாளைக்கு நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆயிரம் ரூபாய் கொடுக்கப் போவது யார் என்று யோசித்து அவள் மொய் எழுதுகிறாள். கவனம் சிதறியதால் அல்ல, நெடுந்தூரம் பார்த்ததால் கடனுக்குத் திரும்புகிறாள் என்று ஏன் படிக்கக்கூடாது?

நாளுக்கு ஐந்து சதவீத வட்டி என்பது எந்த மூளையிலும் விளையும் பயிரல்ல. சந்தையில் கடன் கொடுப்பவருக்குப் போட்டியில்லை, வங்கி அதிகாலையில் திறப்பதில்லை, நடைபாதைக் கடைக்காரிக்குப் பிணையாகக் காட்ட எதுவுமில்லை. டீயை மிச்சம் பிடி என்பது சரியான கணக்கு. கேள்வி அதுவல்ல. வாங்குபவளின் மூளையை இவ்வளவு நுணுக்கமாக ஆராயும் ஆய்வு, கொடுப்பவரின் மூளையை ஏன் ஸ்கேன் செய்து பார்ப்பதில்லை?

முடிவு உறுதியா?

இந்த ஆய்வுகளை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. கரும்பு ஆய்வின் புள்ளியியல் மீது 'சயின்ஸ்' இதழிலேயே கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் சம்பளத்துக்கு முந்திய நாள்களிலும் பிந்திய நாள்களிலும் ஏழைகளைச் சோதித்த லியாண்ட்ரோ கர்வால்யோ, ஸ்டெஃபான் மையர், ஸ்டெஃபனி வாங் ஆகியோர், அறிவுத்திறனில் வேறுபாடு தென்படவில்லை என்று 2016இல் எழுதினார்கள். பற்றாக்குறை பற்றிய இருபது ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த ஒரு குழு, அவற்றில் சிலவே திரும்பவும் அதே முடிவைத் தந்ததாக 2021இல் வெளியிட்டது. மறுபுறம், ஒடிசாவில் இலைத்தட்டு செய்யும் தொழிலாளர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தபோது அவர்கள் வேலை வேகமானது, பிழையும் குறைந்தது. சென்னையில் கணினியில் தகவல் பதியும் வேலை கொடுத்து 452 பேரிடம் நடத்திய ஆய்வில், இரவுத் தூக்கத்தை அரைமணிக்குக் கிட்ட கூட்டியபோது வேலைத்திறன் உயரவில்லை, பகலில் ஒரு குட்டித் தூக்கம் கிடைத்தவர்களுக்கு உயர்ந்தது. படுக்கையில் எட்டு மணி நேரம் இருந்தும் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்பதும் அதில் தெரிந்தது. புழுக்கம், கொசு, இரைச்சல் நடுவே இன்னும் அரைமணி தூங்கு என்பது எவ்வளவு தூரம் உதவும்? களம் இப்படி முன்னும் பின்னுமாகத்தான் போகிறது.

நமக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. "ஏழ்மை மூளையை மங்கச் செய்கிறது" என்ற வாக்கியத்தை நாம் அனுதாபத்தோடு சொல்லலாம். அதே வாக்கியத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டு, "அப்படியானால் அவளுக்காக நாமே முடிவெடுப்போம்" என்று முடிப்பார். புரோக்காவின் தராசைப் பார்த்தவர்கள் இதை மறக்கக்கூடாது. ஆகவே நம் கோரிக்கையை ஐக்யூ மதிப்பெண்ணின் மேல் கட்ட வேண்டாம். நாளைக்கு அந்த மதிப்பெண் பொய் என்று தெரியவந்தாலும் ஈர்க்குச் செருகிய காது பொய்யாகிவிடாது.

ஆணைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் 229 சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களிடம் ஃபிராங்க் ஷில்பாக் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், குடிக்காமல் வந்தால் பணம் என்ற ஊக்கத்தொகை பெற்றவர்களின் சேமிப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடியது. நிபந்தனையற்ற பணத்தைவிட அந்த ஊக்கத்தொகையையே விரும்பித் தேர்ந்தவர்களும் பலர். மதுவிலக்குக்காகத் தெருவில் உட்கார்ந்த பெண்களிடம் "அவன் மனசு வெச்சாத்தான் திருந்துவான்" என்று சொல்லப்பட்டது. மனது வைக்கவும் சூழல் வேண்டும் என்று அந்தப் பெண்கள் சொன்னது இங்கே எண்களாக வந்து நிற்கிறது.

தர்மபுரி: 1989, 2023

தமிழ்நாட்டில் அரசு வழியாக மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய இடம் எங்கள் மாவட்டம். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல், கிருஷ்ணகிரி பிரிவதற்கு முந்தைய தர்மபுரியில் அது நடந்தது. 1997க்குப் பிறகு மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவியது. அம்மா முதல்முறை வங்கிக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தது குழுவால்தான். அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் குழுக் கடனின் பிணை என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நிலமோ நகையோ அல்ல. ஒருத்தி தவணை தவறினால் மற்றப் பெண்கள் வந்து வாசலில் நிற்பார்கள் என்ற அச்சம். பெண்கள் கடனை ஒழுங்காகக் கட்டுவார்கள் என்று அறிக்கைகள் பாராட்டுவதன் பின்னால் இருப்பது இதுதான். எந்த ஸ்கேனும் இல்லாமலே கடன் கொடுப்பவர்கள் பெண்ணின் மானத்துக்கு என்ன விலை என்று கண்டுபிடித்திருந்தார்கள். பின்னர் தனியார் நுண்கடன்கள் அதே வழியில் வந்தன. வாரத் தவணை, ஒருத்தி வீட்டுத் திண்ணையில் வசூல், ஒன்றை அடைக்க இன்னொன்று. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க மாநில அரசு 2025இல் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

தவறிய பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருந்து பயிற்சி வகுப்பு. வரவு செலவு எழுதுவது எப்படி, சேமிப்பது எப்படி என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காரச் சொல்கிறோம். ஐந்து கடனின் தேதியை மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கு நாம் நிதிக் கல்வி நடத்துகிறோம்! மூளை அறிவியலிலிருந்து ஒரே ஒரு பாடம் எடுக்கலாமென்றால் நான் இதை எடுப்பேன்: அவள் தலையில் இன்னும் ஒன்றை ஏற்றாதே, இருப்பதில் ஒன்றை இறக்கு. கரும்பு ஆய்வை எழுதியவர்களும் நீண்ட படிவங்கள் ஏழைகளின் கவனத்தின் மீது விதிக்கப்படும் வரி என்றுதான் எச்சரித்தார்கள்.

இந்த அளவுகோலை வைத்து அண்மைத் திட்டங்களைப் பார்க்கலாம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா என்ற கேள்வி ஒருத்தியின் காலையிலிருந்து நீங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு, ஆறு மணிக்கு எடுக்க வேண்டிய ஒரு முடிவை இறக்கி வைத்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24 அன்று எங்கள் மாவட்டத்தின் தொப்பூரில் தொடங்கியது. செப்டம்பர் 15 முதல் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. ஆயிரத்தில் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். தொகையைவிடத் தேதி முக்கியம் என்பேன். அவள் பெயரில், அவள் கணக்கில், யார் கையையும் எதிர்பாராமல், மாதத்தின் நடுவில் வரும் என்று தெரிந்த பணம். அறுவடை இல்லாதவளுக்கு அது ஒரு சிறிய அறுவடை.

ஆனால் அதே அளவுகோல் குறையையும் காட்டும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், ஒரு ரேஷன் அட்டைக்கு ஒருத்தி என்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன. நிலமும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன என்று மேலே பார்த்தோம். தன் பெயரில் இல்லாத சொத்து அவள் தகுதியை முடிவு செய்கிறது. கூட்டுக் குடும்ப அட்டையில் மாமியாரா மருமகளா என்ற சண்டையையும் அது வீட்டுக்குள் அனுப்பியது. நிராகரிக்கப்பட்டவர்கள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அந்த வரிசையில் நின்ற அரைநாளின் கூலி எந்தக் கணக்கிலும் வரவில்லை. உரிமை என்று பெயர் வைத்துவிட்டு அதைக் கேட்கத் தகுதிச் சான்று கேட்பது எப்படிப் பொருந்தும்?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளில் யாராவது நாளைக்கு ஆய்வுக்குப் போவீர்கள். உங்களுக்கு ரேவன் புதிர்த் தாளும் கைக்கணினியும் கொடுப்பார்கள். கொண்டுபோங்கள், அந்தக் கருவிகள் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் வீட்டுத் தலைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும்போது, கதவுக்குப் பின்னால் நின்று சரியான எண்ணை எடுத்துக் கொடுப்பவள் யார் என்று பாருங்கள். அடகு வைத்தீர்களா என்று கேட்டால், எதை, யாருடையதை, யார் முடிவெடுத்தது, மீட்டது எப்போது என்று நான்கு கட்டங்கள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு வெட்டுக்குப் பின் என்று ஒரு மாதம் உண்டா என்று கேளுங்கள்.

அம்மாவிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். கடன் இருந்தால் புத்தி மங்கும் என்று அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள் என்றதும் சிரித்தார். "கடன் இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்கு எப்படிடி தெரியும்?" என்றார். பிறகு நோட்டை எடுத்து அன்றைய தவணையை எழுத உட்கார்ந்தார்.